மழை கரைத்ததால் மட்டும் மேலே வந்த பாறையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் மாணவர் பகுதியில் வெளிவந்த, இலங்கை மலையகப் பாறைகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நமது மலைகள் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை என்ற பழைய பிழையைத் திரும்பவும் சொல்லாமல், இக்கற்கள் நிலத்தின் வெகு ஆழத்தில் வெந்து உருமாறியவை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அவை எப்படி மேலே வந்தன என்பதை, மேலிருந்த மண்ணையும் கல்லையும் மழை கரைத்துக்கொண்டு போனதால் வெளியே தெரிந்தன என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தோட்டப் பாடசாலைகளில் நீண்ட காலம் புவியியல் கற்பித்த எனக்கு அந்த வரியைக் கடந்து போக மனம் வரவில்லை. அதன்படி கணக்குப் போட்டால் விடை வராது.

நுவரெலியாவிலிருந்து கண்டி வரை நாம் காணும் பாறைகளில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, 20 முதல் 35 கிலோமீற்றர் வரையான ஆழத்தில், 700 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை. நடுவாக 30 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மேல் மகாவலி நீரேந்து பகுதியில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, மனிதர் கைபடாத சரிவுகளில் இயற்கை அரிமானம் ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் வரைதான் என்று கண்டது. அதாவது ஆயிரம் ஆண்டுகள் மழை பெய்தாலும் பாறையில் 5 முதல் 11 மில்லிமீற்றர்தான் குறையும். இந்த வேகத்தில் 30 கிலோமீற்றரைக் கரைக்க 270 கோடி ஆண்டுகளாவது வேண்டும். மெதுவான கணக்கை எடுத்தால் பூமியின் வயதே போதாது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரே மழைக்கு மண் ஓடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அந்த மண்ணோட்டம் நாம் காட்டை வெட்டியதால் வந்தது. இயற்கையின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

ஆகவே, பாறை ஏறி வந்த காலத்தில் அதன் வேகம் இன்றைய வேகமாக இருந்திருக்க முடியாது. இதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. எங்கள் தோட்டக் குடியிருப்பு லயத்துக்கு மேலே, வீதியை அகலிப்பதற்காக உடைத்த பாறைமுகத்தில், கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் வரிகளுக்கிடையே மிளகளவான செந்நிறக் கார்னட் மணிகள் தெரிகின்றன. மாணவர்களை அங்கே கூட்டிச் சென்று பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். சில மணிகளின் ஓரம் கூர்மையாக இராது. வெளிறிய ஒரு வளையம் மணியைச் சூழ்ந்து அரித்திருக்கும். கார்னட் உயர் அழுத்தத்தை விரும்பும் கனிமம். பாறை இன்னும் சூடாக இருக்கும்போதே மேலிருந்த சுமை குறைந்தால், மணியின் விளிம்பு நிலைகுலைந்து வேறு கனிமங்களாக மாறத் தொடங்குகிறது. சூடு ஆறும் முன்பே அழுத்தம் குறைந்தது என்பதற்கு அந்த வளையமே அடையாளம்.

மேலே வந்ததற்குக் காரணம் பல. முதலாவது மிதப்பு. கண்டத்தின் பாறை கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம், அதன் கீழுள்ள மூடகம் 3.3 கிராம். கண்டங்கள் மோதும்போது ஒன்றின் விளிம்பு மற்றதன் அடியில் இழுபட்டுப் போனாலும், கிணற்றுக்குள் அமுக்கிய தேங்காயைப் போல அது மேலெழவே பார்க்கும். இவ்வளவு இலகுவான பாறை மிக ஆழத்துக்குப் போகாது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1984இல் இத்தாலிய அல்ப்ஸின் டோரா மைராவில் கிறிஸ்தியன் ஷோப்பன், கார்னட்டுக்குள் சிறைப்பட்ட கோசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். சாதாரண படிகக்கல்லின் அதே பொருள்தான், ஆனால் 90 கிலோமீற்றர் ஆழத்தின் அழுத்தத்தில் மட்டும் உருவாகும் வடிவம். அதே ஆண்டில் நோர்வேயிலும் அது கிடைத்தது. 1990இல் கஸகஸ்தானின் கொக்செதாவ் பாறைகளில் நுண்வைரங்களே கண்டறியப்பட்டன. மெதுவாக ஊர்ந்து வந்திருந்தால் கோசைட் வழியிலேயே படிகக்கல்லாக மாறி முடிந்திருக்கும். டோரா மைராப் பாறைகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் ஏறியதாகக் கணித்திருக்கிறார்கள். நமது பாறைகள் அவ்வளவு ஆழம் போனவையல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மேல்மூடி விலகுதல். இமயத்தின் வடபுறத்தில், திபெத்தின் தெற்கு ஓரமாக, பெரும் பிளவு ஒன்று ஓடுகிறது. அதன் மேற்புறப் பாறைகள் வடக்கு நோக்கிச் சரிய, கீழிருந்தவை தெற்கு நோக்கி வெளியே தள்ளப்பட்டன. மழை தொடாமலே சுமை விலகும் வழி இது.

மூன்றாவதாகத்தான் மழை வருகிறது, அதுவும் தனியாக அல்ல. உயர்ந்த மலையிலிருந்து 1000 மீற்றர் பாறை அரிந்து போனால், சுமை குறைந்த அடிநிலம் ஏறத்தாழ 800 மீற்றர் எழுந்து, மீண்டும் அரிமானத்துக்குப் பாறை கொடுக்கிறது. கட்டுரையாளர் சொன்ன மழை இந்தச் சுற்றின் ஒரு பாதி. இத்தீவின் அடியில் இன்றும் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தடித்த புவியோடு (பூமியின் பாறை மேலோடு) இருக்கிறது. அதன் மேல் இழந்த 30 கிலோமீற்றரையும் கூட்டினால், அன்றைய தடிப்பு இன்றைய திபெத்தின் 70 கிலோமீற்றரை நெருங்குகிறது. அத்தகைய உயரத்தில் ஆறுகள் அரித்த வேகம் வேறாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று. நமது பாறைகளில் ஒரு பகுதி முதலில் மேலேதான் இருந்தது. கவ்வாத்து மலைக்கு நாம் தூவும் டொலமைட், கடலடியில் படிந்த சுண்ணாம்பு ஆழத்துக்குப் போய்ப் பளிங்காகித் திரும்பியதை அரைத்த தூள். இறங்கி ஏறிய இந்த இரு வழிப் பயணத்தைக் கட்டுரை தொடவேயில்லை. (எங்கள் பாட்டன்மார் தோணியேறி வருவதற்கு முன்பே சென்னைப் பரங்கிமலையின் சார்னோகைட் வகைக் கல் இங்கும் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், பாடம் மறக்காது.)

கட்டுரையின் கடைசிப் பந்தி, பாறைகள் வெளிப்பட்டதையும் பீதுருதாலகால மலை 2524 மீற்றர் உயர்ந்து நிற்பதையும் ஒரே நிகழ்வாக்கியிருக்கிறது. புத்தளத்துக்கு அருகே தப்போவவில் ஜுராசிக் காலப் படிவுகள், ஆழத்திலிருந்து வந்த பாறையின் மீதே கிடக்கின்றன; அப்படியானால் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அத்தகைய பாறை தரையைத் தொட்டுவிட்டது. இன்றைய மலையின் உயரம் பற்றி 1929இல் அடம்ஸும் 1945இல் வாடியாவும் ஆகிய பாறை ஆய்வாளர்கள் தொடங்கிய விவாதம் வேறு.

சாதாரண தர மாணவர்கள் உங்கள் பகுதியை வெட்டி ஒட்டிப் படிக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆகவே அந்த ஒரு வரியை, "மிதப்பாலும் பிளவாலும் உயர்ந்தெழ, அரிமானத்தால் வெளிப்பட்டன" என்று திருத்தி அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், கார்னட் மணி தெரியும் கல் ஒன்றின் படத்தையும் சேர்க்கலாம். கல்லை நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தலவாக்கலை.