ஓரமாகப் போகாதே

திருவொற்றியூர்

அன்புள்ள வசந்தா,

தீபாவளிப் பார்சல் வந்து சேர்ந்தது. அதிரசம் நொறுங்கி மாவாகத்தான் வந்தது என்றாலும் மாமியார் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு உன்னை வாழ்த்தினார். நான் ஒரு வரி நன்றிகூட எழுதவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாக உன் தங்கை சொன்னாள். திட்ட வேண்டியதை நேரில் திட்டிக்கொள். இப்போது இதைப் படி.

பேப்பர்கார அண்ணனை லாரி அடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உன் அப்பா சந்தாப் பணத்தைத் தள்ளிப்போடும்போதெல்லாம் வாசலில் நின்று தலைப்புச் செய்தியைத் தெருவுக்கே கேட்கும்படி படித்துக் காட்டுவாரே, அவரேதான். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த விடியற்காலை. எண்ணூர் விரைவுச்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு முனையில் கன்டெய்னர் லாரி வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. யாராக இருந்தாலும் என்ன நினைப்போம்? வண்டி வலப்பக்கம் போகிறது, நமக்கு வழி கிடைத்தது என்றுதானே? அவரும் இடது ஓரமாகவே மிதித்திருக்கிறார். லாரி இடப்பக்கம் திரும்பிவிட்டது. நாற்பதடி டிரெய்லரை இடப்பக்கம் ஒடிக்க வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் அகட்டிப் போனால்தான் முடியும். முன்பகுதி அவரைத் தொடாமல் தாண்டிவிட்டது. பின்சக்கரம் தாண்டவில்லை. லாரி நிற்கவும் இல்லை.

மருத்துவமனையில் முதலில் யாரும் பணம் கேட்கவில்லை. 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதனால் பிழைத்தார் என்றே சொல்லலாம். பிறகுதான் இழப்பீட்டுக் கதை. அடித்த லாரி எது என்று தெரிந்திருந்தால் அதன் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்டிருக்கலாம். சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை, அதற்கு உரிமமும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். ஆனால் சைக்கிளில் போனவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. லாரி கிடைக்காவிட்டால்? மோதிவிட்டு ஓடிய வண்டிகளுக்கென்று மத்திய அரசின் திட்டம் ஒன்று 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. இறந்தால் 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. அதற்கு முன்பு படுகாயத்துக்கு 12,500 தான் என்று கேள்விப்பட்டபோது, நான்கு மடங்காக்கினார்களே என்று சந்தோஷப்படுவதா, ஒரு காலின் விலை இதுதானா என்று அழுவதா என்று தெரியவில்லை. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

விசாரிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிளில் விளக்கு இருந்ததா?" இல்லைதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதையே முதலில் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் அப்பாக்கள் காலத்தில் வரி கட்டி வாங்கிய நகராட்சி வில்லை இல்லாமல் சைக்கிள் தெருவில் இறங்காது. விளக்கில்லாவிட்டால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்குவார்கள். (தேரடி ஏட்டிடம் அன்று நீ சொன்ன பதிலை இன்றுவரை என் மகள் கயலிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறேன். அவள் கொஞ்சம் வளரட்டும்.) அப்போது சைக்கிளைக் கண்டிக்கவாவது சாலையில் ஒருவர் இருந்தார். இப்போது சைக்கிள் அடிபட்ட பிறகுதான் அது அங்கே இருந்ததே தெரிகிறது.

இதற்கு நடுவில்தான் கயலுக்குப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான இலவச சைக்கிள் கொடுத்தார்கள். வீட்டில் போர். அவளுடைய அப்பா, "வேன் வைத்துவிடுவோம், சைக்கிளை விற்றுவிடலாம்" என்கிறார். மாமியார், "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று ஆரம்பித்து, நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார். கயல் யாரிடமும் பேசாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். நான் என்ன சொல்வது? நீயும் நானும் சுற்றாத சாலையா? ஆனால் நாம் சுற்றிய காலத்தில் அந்தச் சாலையில் இத்தனை கன்டெய்னர் பெட்டி ஓடவில்லை.

அந்த வாரம் துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் எங்கள் கிளியரிங் அலுவலகத்துக்குச் சரக்குச் சீட்டு வாங்க வந்த டிரெய்லர் ஓட்டுநர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். தூத்துக்குடிக்காரப் பெரியவர் ஒருவர் உண்டு, சத்தமே இல்லாதவர். அவரிடமும், "உங்களுக்கெல்லாம் சைக்கிளில் போகிறவன் கண்ணுக்கே தெரிய மாட்டானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தெரியாது தங்கச்சி. ஏறிப் பாருங்கள்" என்றார்.

புடவையோடு அந்தப் படிகளில் நான் ஏறியதை நீ பார்த்திருந்தால் ஒரு மாதம் சிரித்திருப்பாய். யார்டில் நிறுத்தியிருந்த வண்டி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். எங்கள் அலுவலகப் பையனை அவன் சைக்கிளோடு முன்சக்கரத்தின் இடப்பக்கத்தில் நிற்கச் சொன்னார் பெரியவர். வசந்தா, பையனைக் காணோம். சைக்கிளையும் காணோம். எட்டிப் பார்த்தேன், கழுத்தை நீட்டினேன், கதவின் விளிம்புதான் தெரிந்தது. பம்பருக்கு முன்னால் ஒட்டி வந்து நிற்கச் சொன்னார். அங்கேயும் இல்லை. அவன் கையைத் தூக்கி ஆட்டியபோது விரல்கள் மட்டும் தெரிந்தன. பிறகு என்னைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டு, பையனை விலக்கி நிறுத்தி, வண்டியைக் கிளப்பி மெதுவாக இடப்பக்கம் ஒடித்தார். "கண்ணாடியைப் பாருங்கள்" என்றார். இடப்பக்கக் கண்ணாடி முழுவதும் கன்டெய்னரின் சுவர். சாலை இல்லை, ஓரம் இல்லை, ஒன்றும் இல்லை. இறங்கி வந்து தரையைப் பார்த்தால், முன்சக்கரம் போன தடத்துக்கு நன்றாக உள்ளே தள்ளி, மூலையை அறுத்துக்கொண்டு பின்சக்கரம் வந்திருக்கிறது. நம் தேர் மாடவீதி முனையில் திரும்பும்போது முட்டுக்கட்டையோடு எத்தனை பேர் ஓடுவார்கள், கூட்டத்தை எப்படி விரட்டுவார்கள்! இதற்கு ஒரே ஒரு ஆள், அவருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் இடப்பக்கம் கிளீனர் உட்கார்ந்திருப்பான், தலையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டுவான். இப்போது கட்டுப்படியாகவில்லை என்று பல வண்டிகளில் ஓட்டுநர் மட்டும்தான். துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து நிற்கும் வரிசையில் இரவெல்லாம் அங்குலம் அங்குலமாக நகர்ந்துவிட்டு வருகிற மனிதர்.

இதைச் சொல்லி லாரிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஆள் உள்ளே போய்விடாதபடி பக்கவாட்டுத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. இப்போதெல்லாம் நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரைக் கண்டால் குனிந்து பார்ப்பது எனக்கு வியாதியாகிவிட்டது. சிலவற்றில் ஒழுங்காக இருக்கிறது. சிலவற்றில் வளைந்து தொங்குகிறது. சிலவற்றில் கயிற்றால் கட்டிய ஸ்டெப்னிதான் தடுப்பு. என்னைப் பார்த்து, ஏதோ அதிகாரி போலிருக்கிறது என்று ஒரு ஓட்டுநர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

என்னை இரவில் தூங்கவிடாமல் செய்வது ஒன்றுதான். நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்வது என்ன? "ஓரமாகப் போ." உன் அம்மா சொன்னார், என் அம்மா சொன்னார், நானும் கயலிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பேப்பர்கார அண்ணன் அப்படித்தான் போனார். இடப்பக்கமாகப் போக வேண்டும் என்பது சரி. அதற்காகச் சாலையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு போனால் அங்கே என்ன இருக்கிறது? விரைவுச்சாலையில் கடல் மணல், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் திடீரென்று திறக்கும் காரின் கதவு, மழைநீர் வடிகால் மூடியின் பள்ளம். அதில் எதையாவது தவிர்க்கச் சடாரென்று வலப்பக்கம் வெட்டினால் பின்னால் வருபவனுக்கு நேரமே இல்லை. போதாததற்கு, ஓரத்தில் ஒட்டியிருப்பவனைப் பார்த்தால் எல்லோருக்கும் அவனை உரசிக்கொண்டே முந்தலாம் என்று தோன்றுகிறது. ஒரு கை நீளம் தள்ளி, வளையாமல், நேர்க்கோட்டில் போனால் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். திட்டட்டும். திட்டுகிறவனுக்கு நாம் தெரிகிறோம் என்றுதானே பொருள்?

ஞாயிறு காலையில் கயலைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நானும் சைக்கிளில்தான். ஆமாம், அந்தப் பழைய கறுப்பு லேடீஸ் சைக்கிளில்தான், சிரிக்காதே. நின்றிருக்கும் டிரெய்லரின் இடப்பக்கச் சந்தில் நுழையவே கூடாது, சிக்னலாக இருந்தாலும் பின்னாலேயே நில் என்றேன். "எவ்வளவு பின்னால்?" என்று கேட்டாள். "கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உனக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அவருக்கு நீ கிடையாது." உடனே புரிந்துகொண்டாள். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது வண்டியும் சேர்ந்து திரும்பாமல் இருக்கத்தான் பழக வேண்டியிருந்தது. கடற்கரைப் பக்கக் காலி இடத்தில் நான் பின்னால் வந்துகொண்டே எத்தனை விரல் காட்டுகிறேன் என்று கேட்க, அவள் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் டயர் இடுக்கில் மாட்டும், நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும் என்பதைக் கொருக்குப்பேட்டையில் நீ விழுந்ததை வைத்தே விளக்கினேன். உன் பல் அவளுக்குப் பயன்பட்டது. மழையில் அந்த இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது என்றும் சொன்னேன். நம்பவில்லை. வாளித் தண்ணீரை ரிம்மில் ஊற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் நம்பினாள்.

உடன் படிக்கும் பையன்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்று புகார் சொன்னாள். தவறுதான். எதிரே வருகிறவனைத் திரும்புகிற வண்டி எதிர்பார்ப்பதே இல்லை. ஆனால் நடுத்தடுப்பில் அடுத்த திறப்பு எங்கேயோ இருக்க, பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? சாலை போட்டவர்கள் காரைக் கணக்கில் வைத்துத்தான் திறப்பு விட்டார்கள். மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று இந்தியாவிலேயே முதலில் கொள்கை வகுத்த நகரம் சென்னைதான், 2014-இல். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று எழுதினார்கள். அது எங்கள் பக்கம் வருவதற்குள் சங்கிலி கழன்றுவிட்டது போலிருக்கிறது. கேட்டால் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பார்கள். விடியற்காலை வந்து பார்க்கச் சொல். பால் பாக்கெட், டீ கேன், மீன் கூடை, இரவு வேலை முடித்துவரும் காவலாளி. ஒருவரிடமும் தலைக்கவசம் இல்லை. இவர்களை யாரும் 'சைக்கிள் வீரர்' என்று அழைப்பதும் இல்லை.

அந்தப் பட்டத்துக்கு உன் வீட்டுக்காரர் இருக்கிறார். மருதமலை அடிவாரத்தில் இறுக்கமான உடையோடு அவர் நிற்கும் படத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடு. கேலி இருக்கட்டும். உங்கள் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கைக் கவனித்தாயா? அடிபட்ட கால்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து வழக்குக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வழக்கில்தான், அப்படியான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உத்தரவு வந்தது. விதி வந்தால் முதலில் நம்மைத்தான் கண்டிப்பார்களோ என்று எனக்கு ஒரு பயம். விளக்கு எங்கே, மணி எங்கே என்று பேப்பர் போடுகிறவனை நிறுத்துவது சுலபம். டிரெய்லரைக் குனிந்து பார்ப்பது கஷ்டம். ஆனாலும் 2022 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று படித்த பிறகு, எந்த விதியையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கயல் இப்போது உள்தெருக்கள் வழியாகப் பள்ளிக்குப் போகிறாள். பெரிய சாலையை ஒரே இடத்தில், இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறாள். அவளுடைய அப்பா முதல் சில நாட்கள் ஸ்கூட்டரில் தூரத்தில் பின்தொடர்ந்தார். அவளுக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். மழை நாளில் ஷேர் ஆட்டோ. அதில் அவளுக்குச் சம்மதமில்லை, எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

பேப்பர்கார அண்ணனின் லைனை அவர் மகன் எடுத்துக்கொண்டான். விடியுமுன்பே கிளம்புகிறான், அதே விரைவுச்சாலையில். நான் பார்த்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். எவ்வளவு உள்ளே போனதோ தெரியாது. அதனால் உன் வீட்டுக்காரரிடம் சொல்: அவருடைய அலமாரியில் தூங்கும் பின்விளக்குகளில், மினுக்கும் சிவப்பு விளக்கு இருக்குமே, இரண்டு வேண்டும். கையில் கட்டும் ஒளிரும் பட்டை இருந்தால் அதையும் போடச் சொல். கூரியரில் அனுப்பு, பொங்கல்வரை காத்திருக்காதே. செலவை உன் கணக்கிலேயே எழுதிக்கொள், கொருக்குப்பேட்டையில் உன்னை ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுபோன காசு எனக்கு இன்னும் வரவில்லை.

அன்புடன்,
மல்லிகா