பெயர்ப்பலகை கழற்றப்பட்ட கடைகள்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
மார்கழி முதல் வாரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இடது கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்டதால்தான் பதில் தாமதமாயிற்று; இப்போது நலமாக இருக்கிறேன். கட்டுப் பிரித்த மறுவாரம் லாரன்ஸ் ரோட்டில் நடந்தபோது, இத்தனை நாளும் சாம்பல் நிறம் என்று நான் நினைத்திருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டின் முகப்பு நல்ல நீலமாக இருப்பதைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், இரண்டு ஆண்டுகளாக எடுத்துச் சேர்த்திருக்கும் கடைப் படங்களை எல்லாம் முதலிலிருந்து ஒருமுறை பார்த்தேன். கோயிலும் கடற்கரையும் பிரெஞ்சுக்காரர் வீடுகளும் பக்கத்திலேயே இருக்க, மளிகை விற்கும் கட்டடங்களை ஏன் தேடித் தேடிப் படமெடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் வீடுகளை இன்டாக் அமைப்பு பட்டியலிட்டுப் பாதுகாக்க முயல்கிறது. விடிந்தும் விடியாமல் அந்த மஞ்சள் சுவர்களின் முன்னால் கேமராக்கள் வந்துவிடுகின்றன. அவற்றை யாரும் மறந்துவிடுவார்கள் என்ற கவலை எனக்கு இல்லை. நெல்லிக்குப்பத்திலோ குறிஞ்சிப்பாடியிலோ பதினைந்து ஆண்டுகள் நடந்து, ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன கடைக்குத்தான் ஒரு படம்கூட மிஞ்சுவதில்லை. எங்கள் தெருமுனைக் கடையையே எடுத்துக்கொள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது, அதன் பெயர்ப்பலகை பிய்ந்து மின்கம்பியில் சிக்கித் தொங்கியது. பிறகு பிளெக்ஸ் வைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் கடையையே மூடினார்கள். கையால் எழுதப்பட்ட அந்தப் பழைய பலகை பச்சை என்கிறாள் என் மனைவி. சிவப்பு என்கிறாள் மகள். எனக்கு எழுத்தின் வளைவு மட்டும்தான் நினைவிருக்கிறது. பதினொரு ஆண்டுகள் மாதந்தவறாமல் அங்கே சாமான் வாங்கிய குடும்பம் நாங்கள். எங்களிடமே ஒரு படம் இல்லையே என்ற வருத்தம்தான் என்னை இதில் இறக்கிவிட்டது.

நாம் பெரியார் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, புதுச்சேரியில் முதன்முதலாக ஒரு சுயசேவைக் கடைக்குள் நுழைந்தது உனக்கு நினைவிருக்கும். வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு வட்டமான பித்தளை டோக்கன் கொடுத்தார்கள். நீ ஒரு சோப்பை எடுத்து முகர்ந்துவிட்டு, யாராவது அதட்டுவார்களோ என்று திரும்பிப் பார்த்தாய். அதுவரை நமக்கும் பொருளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கடைக்காரர் நின்றார். சீட்டை நீட்டினால் பொட்டலம் வரும். துவரம்பருப்பில் வண்டு இருக்கிறதா என்பது வீட்டில் பிரித்த பிறகுதான் தெரியும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916-இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்து, வாங்க வந்தவர் தாமே அலமாரிகளுக்கு இடையே நடந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் பணம் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த முறை நம் பக்கத்துச் சிற்றூர்களை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம்மைப் போன்றவர்கள் பொருளைத் தம் கையால் தொட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய இடம் என்பதால்தான், அந்தக் கட்டடம் எவ்வளவு எளிமையாக இருந்தாலும் நான் அதன் முன்னால் நிற்கிறேன்.

அந்த முறையைப் பரப்பியதில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் விலைவாசி ஏறியது. அடுத்த மாதமே தில்லியில் சூப்பர் பஜாரைத் திறந்தார்கள். தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் துறை இத்தகைய கடைக்கு வைத்த பெயர் ‘சிறப்பங்காடி’. எத்தனை அழகான சொல்! அதைவிட அழகு, கூட்டுறவுக் கடைகளுக்குத் தேர்ந்தெடுத்த பெயர்கள். சென்னையில் காமதேனு, வேலூரில் கற்பகம், உங்கள் கோவையில் சிந்தாமணி, இங்கே புதுச்சேரியில் அமுதசுரபி. ஒன்று பசு, ஒன்று மரம், ஒன்று மணி, ஒன்று பாத்திரம். முதல் மூன்றும் கேட்டதைக் கேட்டபடி தருபவை; நான்காவது அள்ள அள்ளக் குறையாமல் சோறு தருவது. பங்கீட்டுக் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கால் கடுக்க நின்ற மக்களுக்காகக் கடை திறந்தவர்கள், பெயர் வைக்க மணிமேகலையின் கையிலிருந்த பாத்திரத்தை நினைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் நெஞ்சைத் தொடுகிறது. எங்கள் கடலூரிலோ முருகனின் மந்திரத்தை எடுத்துக்கொண்டு ‘சரவணபவ’ என்று வைத்தார்கள்.

பிறகு வந்த தனியார் கடைகளில் ஒன்றின் பெயரும் இதே வரிசையில் சேரும் என்பதை இந்தப் படங்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். சுபிக்ஷா என்றால் சுபிட்சம்தானே! 1997-இல் திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தவர்கள், 2008-க்குள் நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கடைகளை நடத்தினார்கள். 2009-இல் கையில் ரொக்கம் இல்லாமல் அத்தனையும் முடங்கின. வாடகையை மிச்சப்படுத்த வேண்டும் என்பதால், குளிர்சாதனம் இல்லாத சாதாரணக் கடைகளைப் பெரிய சாலைகளை விட்டுத் தள்ளி உட்புறத் தெருக்களில் எடுப்பது அவர்களின் வழக்கம். அதனால் அத்தகைய இடங்களைத் தேடிப் போகும் எனக்குப் பெரும் சிரமம். பலகையைக் கழற்றிய மறுநாளே அந்தக் கட்டடம் பக்கத்துக் கட்டடத்தைப் போல ஆகிவிடுகிறது. படமெடுக்க முகம் என்று ஒன்று இருப்பதில்லை.

கூட்டுறவுக் கடைகளும், முகப்பை முழுக்க ஏசிபி ஷீட் என்னும் அலுமினியத் தகட்டால் மூடிய பிற்காலக் கடைகளும் அப்படி அல்ல. எழுத்துகளைப் பிடுங்கிய பிறகும் வெயில் படாமல் இருந்த இடம் மட்டும் அடர்ந்த நிறத்தில் தங்கிவிடுவதால், சாய்ந்த வெயிலில் பெயரை அப்படியே படித்துவிடலாம். ஊனமுற்றோருக்கான சாய்தளமும், பக்கச் சுவரில் வரிசையாக ஏசி மாட்டியிருந்த இரும்புத் தாங்கிகளும் அடுத்த அடையாளங்கள்.

பண்ருட்டியில் அப்படிக் கண்டுபிடித்த ஒரு கட்டடம் இப்போது மரச்சாமான் கடையாக இருக்கிறது. உரிமையாளர் நல்ல மனிதர். பலாச்சுளை கொடுத்து உபசரித்து, உள்ளே போகவும் விட்டார். கட்டில்களுக்கும் பீரோக்களுக்கும் நடுவே குனிந்து பார்த்தால், ரேக் நின்ற இடங்களில் தரை ஓடு வெளுப்பாகவும், மக்கள் நடந்த இடங்களில் பழுப்பாகவும் நீள நீளமாகக் கோடு கட்டியிருக்கிறது. ரேக்கின் கால்கள் பதிந்த துருச் சதுரங்கள் மூலைக்கு ஒன்றாகத் தெரிகின்றன. வாசலருகே, பை வைக்கும் பிளைவுட் பெட்டகம் இன்னும் சுவரோடு நிற்கிறது. எட்டுக்கு ஆறு, நாற்பத்தெட்டு அறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பெயின்டில் எண். அவற்றில் கீல், தாழ்ப்பாள், ஸ்குரூ என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். 37-ஆம் அறையின் ஓரத்தில், யாரோ ஒட்டிவைத்த விலைச்சீட்டு ஒன்று பாதி கிழிந்திருந்தது: ‘உளுந்து – முழு’. விலை இருந்த பாதியைக் காணவில்லை. நான் அன்று எடுத்த எழுபது படங்களில் அந்த ஒன்றுக்குத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறேன்.

நடக்கும் கடைகளையும் ஏன் எடுக்க வேண்டும் என்பது உன் இரண்டாவது கேள்வி. பண்ருட்டித் தரையில் இருந்த கோடுகளை நான் படித்தது, நடக்கும் கடைகளை உள்ளும் புறமும் பார்த்துப் பழகியதால்தான். அரிசியும் பருப்பும் பாலும் பெரும்பாலும் கடைக்கோடியில் இருக்கும், அவற்றுக்காக வருபவர் மற்ற அலமாரிகளையும் கடந்து போக வேண்டும் என்பதற்காக. லாபம் கூடுதலாக உள்ளது கண் மட்டத்தில் இருக்கும். குழந்தைகளுக்கான மிட்டாய் பில் போடும் இடத்தில் இருக்கும். இது தெரிந்தால், வெறும் தரையைப் பார்த்தே பருப்பு எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம்.

நடக்கும் கடையில் சிக்கலும் உண்டு. சென்ற மாதம் ஒரு கடையின் முன்னால் காவலாளி ஓடிவந்து, படமெடுக்கக் கூடாது, அழித்துவிடுங்கள் என்றார். கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வெயிலில் நிற்கும் மனிதரிடம் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை. போனில் இருந்த மற்ற கடைகளின் படங்களைக் காட்டினேன். ஐந்தாறு படம் தள்ளியதும் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஐயா, இது நான் வேலை பார்த்த கடை. இந்த ஜன்னலுக்குப் பின்னாலதான் குடோன். எட்டு வருசம் மூட்டை இறக்கினேன்” என்றார். அந்தப் படத்தின் அச்சுப்பிரதி ஒன்றை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைச் சட்டைப்பைக்குள் வைக்காமல், வேலை முடியும்வரை கையிலேயே வைத்திருந்தாராம்.

எடுக்கும் முறையையும் கேட்டிருந்தாய். ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் நீர்த்தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகம் மூடிய வானத்தின் கீழ், நேர் எதிரே நின்று, ஆள் இல்லாமல் பல பத்தாண்டுகள் படமெடுத்தார்கள். அவர்களிடமிருந்து நேர்பார்வையையும் வெளுத்த வானத்தையும் எடுத்துக்கொண்டேன்; இந்த மார்கழிக் காலை அதற்கு மிகவும் ஏற்றது. ஆள் கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படிக்கட்டில் கீரை விற்கும் அம்மாவை விலக்கிவிட்டு எடுத்தால், அது நம் ஊர்க் கடையே அல்ல.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். முழங்கால் வலி தணிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வடகோவைக்குப் போய், சிந்தாமணியைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எடுத்து அனுப்பு. போனில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள், சுவர் சாயாமல் இருக்கும். பெயர்ப்பலகையை மட்டும் தனியாக, எழுத்து தெளிவாகத் தெரியும்படி இன்னொன்று எடு. இரண்டையும் அச்சுப் போட்டு, தேதியைப் பென்சிலால் பின்புறம் எழுதித் தபாலில் அனுப்பினால், அமுதசுரபிக்கு அடுத்த பக்கத்தில் ஒட்டுவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு நான் புவனகிரிக்குப் போகிறேன். அங்கே ஒரு கடையில் பலகையை இறக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்