தகப்பன் விட்டுச்சென்ற இருக்கை

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டின் அரசு நடத்தும் தேசிய வாத்தியக் குழுவினுடைய பழைய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு நீ எழுதிய பதில் கிடைத்தது. "மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அமைச்சர்கள் முன்னால் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பதை மரபு என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டிருந்தாய். இதே ஐயத்தை வேறு சிலரும் என்னிடம் எழுப்பியிருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நீ சொல்வதில் உண்மை இருக்கிறது. மாலியிலும் அதன் அண்டை நாடுகளிலும் வாழும் மாண்டே மக்களிடையே ஜெலி எனப்படுவோர் பிறப்பாலேயே இசைக்கும் சொல்லுக்கும் உரியவர்கள். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்சாட்டா கெய்ட்டாவின் கதையும், பெருங்குடும்பங்களின் வம்ச வரலாறும் குயாத்தே, ஜபாத்தே, சிசோக்கோ போன்ற ஜெலிக் குடும்பங்களின் நினைவில் வாழ்ந்து, வாய்மொழியாகவே தலைமுறை தாண்டி வந்தன. தன்னை ஆதரிக்கும் வீட்டின் திருமணத்திலும் பெயர்சூட்டு விழாவிலும், அந்த வீட்டு முன்னோரைப் பெயர்சொல்லி அழைத்துப் பாடுவது ஜெலியின் கடமை. கேட்பவரின் பாட்டன் பெயர் தெரியாமல் அந்தப் பாட்டைப் பாட முடியாது.

1960 செப்டம்பர் 22 அன்று மாலி விடுதலை பெற்ற சிறிது காலத்திற்குள், குடியரசுத் தலைவர் மொடிபோ கெய்ட்டாவின் அரசு இந்தக் குழுவை அமைத்தபோது, பாடகருக்கும் ஆதரிக்கும் குடும்பத்துக்கும் இருந்த அந்த நெருக்கம் மேடையில் இல்லாமல் போனது. வெவ்வேறு வட்டாரங்களில் தனித்தனியாக ஒலித்துவந்த யாழ் போன்ற கோராவும், மீட்டி வாசிக்கும் சிறு நரம்பு வாத்தியமான ங்கோனியும், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் பாலஃபோனும், குதிரைமயிர் நரம்பு கட்டி வில்லால் வாசிக்கும் சொக்குவும் ஒரே மேடைக்கு வந்தன. விடியவிடியப் பாடப்பட்டவை சில நிமிடங்களுக்குள் சுருங்கின. வீட்டு முன்னோருக்கு உரிய புகழ் நாட்டுக்கும், ஆட்சியில் இருந்தவருக்கும் போனது. 1968-ல் இராணுவம் மொடிபோ கெய்ட்டாவைக் கவிழ்த்த பிறகும் குழு நீடித்தது. போற்றப்பட்ட பெயர்தான் மாறியது. இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்தக் குழுவை உன்னிடம் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தச் சம்பளம் என்ன செய்தது என்பதையும் நீ பார்க்க வேண்டும். சிடிக்கி ஜபாத்தேயும் ஜெலிமாடி சிசோக்கோவும் இந்தக் குழுவின் பெரும் கோராக் கலைஞர்கள். இவர்களும் பாட்ரூ சேக்கூ குயாத்தேயும் ங்ஃபா ஜபாத்தேயும் சேர்ந்து, பாட்டே இல்லாமல் கோராவை மட்டும் வாசித்த பதிவு 1970-ல் 'பழைய நரம்புகள்' என்று பொருள்படும் பெயரில் இசைத்தட்டாக வந்தது. சிடிக்கியும் ஜெலிமாடியும் தலைநகர் பமாக்கோவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்கள். அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் துமானி ஜபாத்தேயும் பல்லாக்கே சிசோக்கோவும். கோராவை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன துமானி, தகப்பனார் தனக்கு உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தந்ததில்லை என்றும், கேட்டுக் கேட்டே கற்றதாகவும் சொல்லியிருக்கிறார். பல்லாக்கேயின் கதை இன்னும் நெருக்கமானது. ஜெலிமாடி இளம் வயதிலேயே இறந்துவிட, 1981-ல், பதின்ம வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த அந்தப் பையன் தேசியக் குழுவில் தகப்பனின் இடத்தில் போய் உட்கார்ந்தான். அவனைச் சுற்றிலும் தகப்பனுடன் வாசித்த பெரியவர்கள் இருந்தார்கள்.

அந்த இருக்கை இல்லாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. வீட்டைத் தாங்க வேண்டிய ஒரு சிறுவன் வேறு வேலை தேடிப் போயிருக்கக்கூடும். ஒலிநாடாவைப் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கலாம்; கோராவைச் சுருதி சேர்க்கும் கையை அப்படிப் பாதுகாக்க வழியில்லை. பெரிய சுரைக்குடுக்கையின் பாதியை மாட்டுத்தோலால் மூடி, அதன் ஊடாக நீண்ட கழி ஒன்றைச் செருகியிருப்பார்கள். நரம்புகள் 21, இடக்கைக்கு 11, வலக்கைக்கு 10. முற்காலத்தில் தோலை முறுக்கிச் செய்த நரம்புகளுக்குப் பதிலாக இப்போது நைலான் மீன்பிடி நரம்பு வந்துவிட்டது. ஒவ்வொரு நரம்பின் முனையும் கழியைச் சுற்றி இறுக்கிய ஒரு தோல்வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். சுருதி சேர்க்க வேண்டுமானால் அந்த வளையத்தை விரல்களால் நெரித்து, மயிரிழை அளவு மேலே தள்ள வேண்டும் அல்லது கீழே இறக்க வேண்டும். எவ்வளவு தள்ளினால் போதும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரின் கோராவைக் கேட்டுக் கேட்டுத்தான் விரல் தெரிந்துகொள்ளும். அந்தப் 'பக்கத்தில் இருப்பவரை' ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கவைத்தது நீ குறைசொன்ன அந்த மாதச் சம்பளம்தான். அரசுக் குழுவின் எல்லாக் குறைகளையும் ஒரு தட்டில் வைத்தாலும், என் கணக்கில் இதன் எடையே அதிகம்.

1997 செப்டம்பர் 22 அன்று, மாலியின் விடுதலை நாளில், துமானியும் பல்லாக்கேயும் பமாக்கோவின் மாநாட்டு மண்டபத்தில் இரண்டு கோராக்களோடு அமர்ந்தார்கள். அந்தப் பதிவு 1999-ல் 'புதிய பழைய நரம்புகள்' என்று பொருள்படும் பெயரோடு வெளிவந்தது. தகப்பன்மாரின் தட்டுக்குப் பிள்ளைகள் சொன்ன பதில் அது. துமானி 2024 ஜூலையில் காலமாகிவிட்டார். பல்லாக்கே இன்றும் வாசித்துவருகிறார்.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் 1970-ஆம் ஆண்டுப் பதிவைக் கேள், மறுநாள் இரவு பிள்ளைகளுடையதைக் கேள். இரண்டிலும் கட்டைவிரல்கள் கீழே ஒரே சுழற்சியைப் பிடித்துக்கொண்டிருக்க, சுட்டுவிரல்கள் மேலே தம் போக்கில் பொழிந்து இறங்கும் இடங்களைக் குறித்துவை. தகப்பன் எங்கே முடிகிறார், மகன் எங்கே தொடங்குகிறார் என்று உன் காதுக்குப் பட்டதை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்