நம் படிப்பகக் கணினிகளின் சாவியைப் பிள்ளைகளிடமும் கொடுங்கள்

தாராவி 90 அடி சாலைப் பக்கம் மாலைப் படிப்பகம் நடத்தும் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம் அண்ணாச்சி. நம் கணினி அறையில் இருக்கும் எட்டுக் கணினியிலும் உபுண்டு 22.04 என்ற இயங்குதளம் ஓடுகிறது. ஏதாவது புது மென்பொருள் போட வேண்டுமானால் நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். அது கடைக்காரர் ஒருவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் வரும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, திருநெல்வேலியில் இருக்கும் தன் ஆச்சிக்குத் தமிழில் கடிதம் அடிக்க ஆசைப்பட்டாள். பள்ளியில் அவளுக்கு ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும்தான். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும். அதற்கு ஐபஸ்-எம்17என் என்ற சின்ன மென்பொருள் தொகுப்பு போதும். மூன்று வாரம் காத்திருந்தோம். கடைசியில் என் மடிக்கணினியைக் கொண்டுவந்து, கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தொகுப்பின் பெயரோடு அடித்துக் காட்டினேன். சூடோ என்றால் நிர்வாக அதிகாரத்தோடு செய் என்று பொருள்; ஆப்ட் என்பது மென்பொருளை நிறுவும் கருவி. கடவுச்சொல் கேட்டது. அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. "அண்ணா, கீபோர்டு வேலை செய்யலையா?" என்று பதறினாள். எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது, அதனால்தான் என்றேன். கொஞ்ச நேரத்தில் தொகுப்பு இறங்கிவிட்டது. கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே போய், அமைப்புகளில் தமிழைச் சேர்த்தோம். அவள் அடித்த முதல் சொல் 'ஆச்சி'.

பிள்ளைகளிடம் விட்டால் வைரஸ் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் ஆப்ட் கண்ட இடத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. இணையத்தில் இருக்கும் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்துக்குப் போய், டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, கூடவே வேண்டிய துணைத் தொகுப்புகளையும் தானே கொண்டுவருகிறது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்தில் 1999-லேயே வந்துவிட்ட கருவி அது. உண்மையான ஆபத்து, முன்பின் தெரியாத தளத்து 'டெப்' என்ற நிறுவல் கோப்பிலும் யாரோ சொன்ன வெளிக் களஞ்சியத்திலும் இருக்கிறது. நிறுவும்போது அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் கட்டளை வரிசை (ஸ்கிரிப்ட்) 'ரூட்' என்ற முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓடும், எதை வேண்டுமானாலும் செய்யும். இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? நாம் வாசலை அடைத்தோம், பையன்கள் கொல்லைப்பக்கம் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கிருந்தோ இறக்கிய நிரல்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து தங்கள் கோப்புறையிலிருந்தே ஓட்டுகிறார்கள். அதற்குக் கடவுச்சொல்லே வேண்டாம்.

இதைவிட என்னை வருத்துவது, தானியங்கிப் புதுப்பிப்பை யாரோ நிறுத்தி வைத்திருப்பது. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம். அவை மாதக்கணக்காக நம் கணினிகளுக்கு வரவில்லை.

கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பொறுப்பான இரண்டு பேருக்குத் தனித்தனிக் கணக்கும் சூடோ உரிமையும் கொடுங்கள். யார், என்றைக்கு, எதைப் போட்டார்கள் என்பது ஆப்டின் வரலாற்றுப் பதிவில் விழுந்துவிடும், நீங்களே பார்க்கலாம். அப்புறம், ஒரே தொகுப்பை எட்டு முறை இறக்கி டேட்டாவைத் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் இறக்கியதைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளைப் போட்டு, மற்ற ஏழையும் அதனிடம் கேட்கும்படி அமைத்துவிட்டால், ஒருமுறை இறக்கியதை அவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுங்கள். கடைக்காரரையும் கூப்பிடுங்கள், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜன்னலோரக் கணினியில் உங்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் செய்து காட்டுகிறேன்.

அன்புடன்,
மாலை வகுப்புக்கு வரும் தன்னார்வலன்