நந்தனார் சரித்திரத்தை முழுதாகக் கேட்க வழியில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தமிழ் இசை நாடகங்களைப் பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு ஒரே ஒரு வாக்கியம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரியபுராணக் கதையை மாற்றி நந்தனார் கீர்த்தனைகளை இயற்றியவர் என்பது அதன் சாரம். அந்த வாக்கியத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கட்டுரையாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நம் காலத்து இசை ரசிகர்களில் பெரும்பாலோர் பாரதியாரை இந்த அளவில்தான் அறிந்திருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலுமாக வாழ்ந்த அந்தப் பெரியவர், தனிக் கீர்த்தனைகளை மட்டும் எழுதிவிட்டுப் போனவர் அல்லர். திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற நந்தனார், இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகிய நால்வரின் வரலாறுகளையும் சேக்கிழாரின் காப்பியத்திலிருந்து எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாலேயே நகரும் நாடகங்களாகச் செய்தவர். கீர்த்தனை, கண்ணி, விருத்தம், நொண்டிச்சிந்து, தண்டகம், மராட்டியர் ஆண்ட தஞ்சையில் வழங்கிய இலாவணி, சவாய் என்று அவர் கையாளாத வடிவம் குறைவு. யார் பேசுகிறார், எந்த மனநிலையில் பேசுகிறார் என்பதற்கு ஏற்ப வடிவம் மாறுகிறது. இதை ஒரு கீர்த்தனைத் தொகுப்பு என்று சொல்வது, ஒரு வீட்டைக் கதவு ஜன்னல்களின் தொகுப்பு என்று சொல்வதைப் போன்றது.

இனி, கதையை மாற்றினார் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மாற்றினார் என்பது உண்மையே. சேக்கிழார் திருநாளைப்போவாரை 37 பாடல்களில் பாடுகிறார். ஆதனூரின் புலைப்பாடியை அவர் காட்டும் அழகை என்னென்பது! தோல் வார் கிடக்கும் முற்றத்தில் கோழிக் குஞ்சுகள் கூட்டமாகச் சுற்றித் திரிகின்றன, நாய்க்குட்டிகள் துள்ளுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஓர் அமைச்சர் எழுதிய காப்பியத்தில் சேரியின் முற்றம் இத்தனை அன்போடு பதிவாகியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் அந்த 37 பாடல்களில் நந்தனாரைத் தடுக்கும் ஆண்டை எவரும் இல்லை. தில்லைக்குப் போக வேண்டும் என்ற ஆசை பொங்குகிறது. தம் பிறப்பை எண்ணித் தயங்குகிறார். மறுபடி ஆசை எழ, 'நாளைப் போவேன்' என்கிறார். தடை முழுவதும் அவர் உள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது.

காப்பியத்தில் இது நிற்கும். ஆனால் இரவு முழுவதும் விழித்திருந்து கேட்கும் கூட்டத்தின் முன்னால் ஒருவருடைய மனத்தயக்கத்தை மட்டும் வைத்து நாடகம் நடத்த முடியாது. எதிர்க்குரல் ஒன்று வேண்டும். பாரதியார் அதற்காக ஒரு வேதியரைப் படைத்தார். அவருடைய நிலத்தில் நந்தனைப் பண்ணையாளாக நிறுத்தினார். சேக்கிழாரிடம் உள்ளத்தின் தவிப்பாக இருந்த அந்த 'நாளை', பாரதியாரிடம் ஆண்டையின் உத்தரவுக்குக் காத்திருக்கும் 'நாளை' ஆகிவிட்டது. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். இன்றைய கணக்கில் அது 260 ஏக்கருக்கு மேல். ஒரு மனிதனால் ஆகாத வேலை. சிவகணங்கள் ஒரே இரவில் அதை முடித்து வைக்க, வேதியர் தம் பண்ணையாளின் காலில் விழுகிறார்.

இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்பதைக் காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நந்தனார் சரித்திரம் 1861இல் அச்சேறியது. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கில அரசு 1843இல் அறிவித்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. சட்டம் வந்ததே தவிர, தஞ்சை மண்ணில் பண்ணையாள் ஆண்டையைக் கேட்காமல் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது என்ற நிலை அப்படியே இருந்தது. தம் கண்முன் நடந்ததைப் பாரதியார் பழைய அடியார் கதைக்குள் கொண்டுவந்து வைத்தார். ஓர் இலக்கியத்தை மேடைக்குக் கொண்டுவருகிறவர் செய்ய வேண்டிய வேலை இதைவிட வேறு என்ன?

இந்த மாற்றம் அக்காலத்திலேயே சர்ச்சைக்கு உள்ளானதுதான். மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முகப்புச் செய்யுள், தரத் தயங்கினார். செய்யுளில் இலக்கண வழுக்கள் இருந்தன; கதையும் பெரியபுராணத்தோடு ஒத்துப்போகவில்லை. பாரதியார் பலமுறை நடந்தும் பயனில்லை. ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது, வெளியே திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் பாட்டுகளைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தாராம். உள்ளிருந்து கேட்ட மகாவித்துவான் உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். இருவரையும் நேரில் அறிந்த உ.வே. சாமிநாதையர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஏட்டில் பார்த்தபோது கண்ணில் பட்ட பிழை, காதால் கேட்டபோது பெரிதாகத் தோன்றவில்லை. கேட்டுத்தான் இந்த நூலை மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் அறியேன்.

ஆனால் நமக்குக் கேட்கக் கிடைப்பது என்ன? கச்சேரியில் மிருதங்கத்தின் தனியாவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் எழுந்து போகும் நேரத்தில் துக்கடா என்னும் சிறு உருப்படியாக ஒரு 'வருகலாமோ', ஒரு 'வழிமறைத்திருக்குதே'. பாடுகிறவர்கள் அருமையாகவே பாடுகிறார்கள். ஆயினும் துண்டு துண்டாகப் பாடுவதால் எதை இழக்கிறோம் என்பதற்குத் திருப்புன்கூர்க் காட்சி ஒன்றே போதும்.

சிவலோகநாதர் கோயிலுக்கு வெளியே நிற்கிறார் நந்தன். நந்தி குறுக்கே கிடப்பதால் சுவாமி தெரியவில்லை. 'வழிமறைத்திருக்குதே, மலைபோலே ஒரு மாடு படுத்திருக்குதே' என்று நாட்டைக்குறிஞ்சி ராகத்தில் அழுகிறார். தேரடியில் நின்று பார்த்தாலும் போதும், கோயிலுக்குள் வரமாட்டேன், ஓரடி விலகினால் போதும் என்கிறார். அடுத்துச் சிவபெருமான் நந்தியிடம் பேசுகிறார், பூர்விகல்யாணியில்: 'சற்றே விலகியிரும் பிள்ளாய், சன்னிதானம் மறைக்குதாமே.'

அந்த 'மறைக்குதாமே' என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் 'ஆமே'யைக் கவனிக்க வேண்டுகிறேன். பிறர் சொன்னதைக் கேட்டுச் சொல்லும் பேச்சு அது. வெளியே நின்று ஒருவன் முறையிட்டது உள்ளே கேட்டுவிட்டது, கேட்டதை இறைவன் தம் வாகனத்திடம் ஒரு வீட்டுப் பெரியவரைப் போல எடுத்துச் சொல்கிறார் என்பது முழுவதும் அந்த இரண்டெழுத்தில் இருக்கிறது. முந்தைய பாட்டைக் கேட்காதவருக்கு இந்த 'ஆமே' வெறும் ஓசை. அடுத்த அடியில், இத்தனை நேரம் தம்மைப் 'பாவிப் பறையன்' என்று சொல்லிக்கொண்டு நின்றவரை, இறைவன் 'திருநாளைப்போவார்' என்று மரியாதை விகுதியோடு குறிப்பிடுகிறார். கேள்வியும் பதிலுமாகப் பிறந்த இந்த இரண்டு பாட்டுகளை ஒன்றை ஒரு சபையிலும் மற்றொன்றை வேறொரு சபையிலுமாக நாம் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் தாத்தா ஒரு பாகவதருக்குப் பின்பாட்டுப் பாடியவர். எங்கள் பக்கத்துப் பஜனை மடங்களில் நந்தன் சரித்திரத்தை மூன்று இரவுகள் தொடர்ந்து நடத்துவார்கள். அவர் வைத்திருந்த புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் வேதியருக்கு 'வே' என்றும் நந்தனுக்கு 'ந' என்றும் குறித்திருக்கிறார். நான் மேலே சொன்ன இரண்டு பாட்டுகளுக்கும் நடுவே கோடிட்டு, 'இங்கே நிறுத்தாதே' என்று எழுதியிருக்கிறார். இசை இலக்கணம் முறையாகப் படிக்காத அவருக்கு அது தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நந்தனார் சரித்திரத்தில் உள்ள சாதிச் சொற்களை இன்று மேடையில் பாடலாமா என்ற கேள்வி நியாயமானது. நான் கேட்ட ஒரு கச்சேரியில் பாடகர் அந்தச் சொல் வந்த இடத்தில் வேறு சொல்லைப் போட்டுப் பாடினார். அவருடைய மனச்சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் 'மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா' என்று கேட்பவர் வேதியர். அந்த வாயே பின்னால் நந்தனை வணங்குகிறது. நாடகத்தில் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார், அவர் தலை குனியும் இடமும் இருக்கிறது. பாட்டை மட்டும் பிரித்தெடுத்தால் வசை மட்டும் மிஞ்சுகிறது.

சுப்பிரமணிய பாரதியார் இதை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்று பாருங்கள். சுயராஜ்யம் கேட்ட இந்தியனைப் பார்த்து ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏளனம் செய்வதாக அவர் எழுதிய 'தொண்டு செய்யும் அடிமை, உனக்குச் சுதந்திர நினைவோடா' என்ற பாட்டுக்கு இந்த வேதியரின் மெட்டையே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அதைக் கேட்டவர்களுக்கு, வெள்ளைக்கார அதிகாரி எந்த ஆண்டையின் குரலில் பேசுகிறான் என்பதும் அந்த ஆண்டைக்கு முடிவில் என்ன ஆயிற்று என்பதும் உடனே புரிந்திருக்கும். இன்று மேடையில் வேதியரின் பகுதி ஒலிப்பதே அரிது. ஆகவே பாரதியின் பாட்டிலும் பாதிப் பொருள் நமக்கு எட்டுவதில்லை.

நந்தனார் தீயில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிந்தது என்ற முடிவு, சேக்கிழாரிடம் இருந்தாலும் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இருந்தாலும், என் நெஞ்சை இன்றும் சுடுகிறது. டாக்டர் அம்பேத்கர் தீண்டப்படாதோர் பற்றி 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விச் சாலை தொடங்கியபோது நந்தனார் பெயரையே வைத்தார். ஆகவே இந்தக் கதையைப் பற்றிக் கேள்வி கேட்கவும் சினம் கொள்ளவும் மாற்றிச் சொல்லவும் இன்றைய கலைஞர்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் முதலில் முழு நாடகமும் காதில் விழ வேண்டும்.

மற்ற மூன்று நாடகங்களின் நிலையோ இன்னும் மோசம். திருநீலகண்டர் கதையை எண்ணிப் பாருங்கள்: ஓர் ஆணையால் பிரிந்து, ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் தொடாமல் முதுமை வரை வாழ்ந்த கணவனும் மனைவியும், கடைசியில் ஒரு மூங்கில் கோலின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு குளத்தில் இறங்குகிறார்கள். இசை நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எந்த மொழியிலும் கிடைப்பது அரிது. பாரதியார் அதைப் பாடி வைத்துவிட்டுப் போயிருந்தும், அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையில் நந்தனார் சரித்திரத்தை முழுதாக நடத்தும்படி எழுதிக் கேட்டேன். அத்தனை நேரம் எவரும் உட்கார மாட்டார்கள் என்று பதில் வந்தது. மூன்று இரவு கேட்கவில்லை ஐயா. மூன்று மாலைகள் போதும். வேதியருக்கு ஒரு குரல், நந்தனுக்கு ஒரு குரல், சேரிப் பெரியவர்களுக்குச் சில குரல்கள், நடுவே கதை சொல்ல ஒருவர். வரும் மார்கழியில் ஏதேனும் ஓர் இசைக் கல்லூரியோ சபையோ இதை மேற்கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். செய்ய முன்வருவோருக்கு என் தாத்தாவின் பிரதியைப் படியெடுத்துக்கொள்ளத் தருகிறேன். அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டன. திருப்புன்கூர்க் காட்சி முழுதாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை