கோலுக்குள் நிற்கிறவளை ஏ.எல்லோடு அனுப்பிவிடாதீர்கள்

வன்னியில் விளையாட்டுக் கழகம் நடத்துகிற அண்ணாமாருக்கும், பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பான சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். பாடசாலைக் காலத்தில் ஹேண்ட்போல் கோலியாக நின்றவள். (தமிழ்நாட்டில் கைப்பந்து என்றால் எங்கள் கரப்பந்து, நான் சொல்வது அது இல்லை, ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் நின்று பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற விளையாட்டு.)

என்னை ஒருவரும் தேர்ந்தெடுத்துக் கோலுக்குள் விடவில்லை. ஓட்டத்தில் பின்னுக்கு நின்றேன், "நீ போய் கோலுக்குள்ள நில்" என்றார்கள், நின்றேன். புட்போல் கோலி மாதிரிப் பாயச் சொன்னார்கள், கிரவல் தரையில் பாய்ந்து முழங்கால் தோல் போனதுதான் மிச்சம். ஹேண்ட்போலில் அப்படிப் பாய்வது குறைவு, கையையும் காலையும் ஒரே நேரத்தில் விரித்து உடம்பாலேயே கோலை அடைக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு போனில் வீடியோ பார்த்துத்தான் தெரிந்தது.

அப்புறம் அந்தப் பேச்சு. "இருபத்தைந்து கோல் விட்டவள்!" சரி, விட்டேன்தான். கோல் 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், எறிகிறவர் 6 மீற்றர் கோட்டில் நிற்கிறார், கையில் கையுறைகூட இல்லை. பெரிய ஆண்கள் ஆட்டங்களில் பந்து மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டி வரும், கால் செக்கனுக்குள் முடிவெடுக்க வேண்டும். வருகிற பந்தில் மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே நல்ல கோலி என்பதுதான் அங்கே கணக்கு.

அந்த மூன்றில் ஒன்றுக்கு வருடங்கள் வேண்டும். எறிகிறவரின் தோளும் மணிக்கட்டும் என்ன சொல்கிறது என்று வாசிக்க, ஆயிரக்கணக்கான பந்து உடம்பில் பட வேண்டும். அதனால்தான் இந்த இடத்தில் நிற்பவர்கள் வயது போகப் போக நன்றாக வருகிறார்கள். நோர்வேயின் கத்ரீன் லுண்டே 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர், 2024இல் பாரிசில் மறுபடி எடுத்தபோது அவருக்கு 44 வயது. பிரான்சின் தியெரி ஒமேயர் மொன்பெலியே, கீல், பாரிஸ் என்று கழகம் கழகமாகச் சம்பளத்துக்கு விளையாடி, 40 வயதில், 2017இல், ஐந்தாவது தடவையாக உலகக் கிண்ணம் தூக்கினார். பாரிசில் சொந்தக்காரர் இல்லாத வீடு வன்னியில் குறைவுதானே, கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் என்ன செய்கிறோம்? பந்தை வாசிக்கத் தொடங்குகிற 19 வயதில், ஏ.எல் பரீட்சை முடிந்ததும், சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். பெட்டையள் என்றால் அன்றோடு சரி. கழகங்களில் கிரிக்கெட்டுக்கும் புட்போலுக்கும் நேரம் இருக்கிறது, இவர்களுக்கு ஒரு பின்னேரம் இல்லை. வன்னியிலிருந்து நாளைக்கே ஒருத்தி ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடுவாள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு அவள் முதலில் 25 வயதிலும் கோலுக்குள் நிற்க வேண்டும்.

கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானத்தைத் தாருங்கள், பாடசாலை விட்டுப் போனவர்களும் வரட்டும். கோலிகளுக்கு மட்டும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், ஓடமாட்டாதவளைப் பிடித்து நிறுத்தாமல் விரும்பி வருகிறவளை நிறுத்துங்கள். நான் படித்த இடத்தில் கோல் கம்பங்கள் இன்னும் நிற்கின்றன, வலைதான் இல்லை. வலை நான் வாங்கித் தருகிறேன், சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வருவேன். எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இருபத்தைந்து கோல் விட்டவள்