மதினி, யாரிடம் ஆபரேஷன் செய்துகொள்வது?

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் மார்பு ஸ்கேன் ரிப்போர்ட்டை உங்கள் மகள் அனுப்பினாள். பைராட்ஸ் 5 என்று போட்டிருக்கிறார்கள். மார்புக்கட்டியைப் படத்தில் பார்த்து, எவ்வளவு சந்தேகம் என்று போடுகிற எண் அது. உங்களிடம் மூடி மறைக்க எனக்கு மனசில்லை. அப்படிப் போட்டிருந்தால் 100-க்கு 95-க்கு மேல் அது புற்றுக்கட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அது படத்தைப் பார்த்துச் சொன்ன கணிப்பு. சதையை எடுத்துப் பார்த்து இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் ஒரு டாக்டர், "வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகுங்க, மார்பை முழுசா எடுத்துடலாம்" என்று தேதி கொடுத்துவிட்டார். அண்ணனுக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பக்கத்து ஊர், தெரிந்த டாக்டர், சீக்கிரம் முடிந்துவிடும்.

இதைப் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது, கடல்ல பாசி எடுக்க வர்ற பொம்பளைங்களும் படிக்கட்டும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில், வெள்ளிக்கிழமை வேண்டாம்.

ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பாம்பனில் மட்டுமில்லை, மதுரையில் படித்தவர்களே சொல்வார்கள். பயப்பட வேண்டாம். ட்ரூகட் என்று கொஞ்சம் தடித்த ஊசி. மரத்துப்போக மருந்து போட்டு, சில நிமிஷத்தில் நூல் நூலாகச் சதையை எடுத்துவிடுவார்கள். உலகம் முழுக்க மார்புக்கட்டிக்கு முதல் வேலை அதுதான். அந்தச் சதையில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று டெஸ்ட் செய்வார்கள். கட்டி எந்த ரகம் என்று அதில் தெரியும். சில ரகத்துக்கு, கட்டி ஓரளவு பெரிதாக இருந்தால், கீமோவை முதலில் கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம்தான் கத்தி வைப்பார்கள். மருந்துக்குக் கட்டி மசிகிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டு போகலாம். ஒன்றும் தெரியாமல் வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும். ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்தக் காத்திருப்பால் ஒன்றும் கெட்டுவிடாது. மாதக் கணக்கில் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

சரி, யாரிடம் போவது?

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகப் பல வருஷம் நின்றவள். சர்ஜன்களின் கைத்திறமையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கு அந்தத் திறமை தெரியாது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புருஷனுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியக்கூடியது ஒன்றுதான்: கேள்வி கேட்டால் அந்த ஆள் என்ன செய்கிறார். ரிப்போர்ட்டைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, அண்ணனைப் பார்த்துச் சொல்கிறாரா? "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்றால் எழுந்து வந்துவிடலாம். எவ்வளவு பெரிய பேர் இருந்தாலும் சரி.

படிப்பைப் பாருங்கள். போர்டில் எம்.எஸ். மட்டும் இருந்தால் பொது சர்ஜன். அதற்கு மேல் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். முடித்தவர்கள் இருக்கிறார்கள். இதை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. குடலிறக்கம், பித்தப்பை, தைராய்டு என்று எல்லாம் செய்துகொண்டு எப்போதாவது ஒரு மார்பு ஆபரேஷன் செய்பவரும் இருக்கிறார். வாரம் தவறாமல் மார்பு ஆபரேஷனே செய்யும் பொது சர்ஜனும் இருக்கிறார். "மாசத்துக்கு எத்தனை மார்பு ஆபரேஷன் செய்றீங்க டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள். நிறையச் செய்பவருக்கு இந்தக் கேள்வியால் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் கைக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கட்டி வலது மார்பில். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பறிக்கிற கை வலது கை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு மூச்சுப் பிடித்து மூழ்குகிறீர்கள். பாறை கிழிக்காத நாள் கிடையாது. மார்பு ஆபரேஷன் என்றால் மார்போடு முடிவதில்லை, அக்குளுக்கும் போவார்கள். அங்கேதான் நெறி என்கிற சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன, நோய் பரவினால் முதலில் அங்கேதான் வரும். முன்பெல்லாம் அக்குள் நெறிகளை மொத்தமாக வழித்து எடுப்பதுதான் வழக்கம். அப்படி எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிவிடும். நீர் வடிகிற வழி போய்விடுவதால் வருகிற வீக்கம் அது. வந்தால் லேசில் போகாது. அந்தக் கையில் பாறை கிழித்த காயம் பட்டால் சீழ் பிடித்துக் காய்ச்சல் வரும், வீக்கம் இன்னும் ஏறும். உப்புத் தண்ணீரில் நிற்கிறவருக்கு இது எப்படி இருக்கும் என்று டாக்டருக்குத் தானாகத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வேறு முறை இருக்கிறது. நீல மையோ வேறு மருந்தோ செலுத்தி, மார்பிலிருந்து நீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பார்கள். சென்டினல் நோடு என்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்ற நெறிகளைத் தொட மாட்டார்கள். இதில் கை வீக்கம் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குத்தான். எல்லோருக்கும் இது ஒத்துவராது. அக்குளில் ஏற்கெனவே நோய் இருப்பது ஊசி டெஸ்டில் தெரிந்தால் கணக்கு மாறும். ஆனால் இதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் "எல்லாத்தையும் க்ளீன் பண்ணிடலாம்" என்கிற சர்ஜனிடம் உங்கள் கையைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. "கடலுக்குள்ள வேலை செய்ற கை டாக்டர், அக்குள்ல என்ன செய்வீங்க, தோள் இறுகிப்போகாம பயிற்சி யார் சொல்லிக்கொடுப்பாங்க?" இதைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

முழுசாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்பதும் நீங்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970-களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 வருஷ முடிவு 2002-ல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்ட பெண்களும் முழு மார்பை எடுத்துக்கொண்ட பெண்களும் ஒரே அளவுதான் உயிரோடு இருந்தார்கள். ஆனால் கட்டியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் கரண்ட் கட்டாயம். பெரும்பாலும் மூன்று வாரமோ அதற்கு மேலோ, வாரத்துக்கு ஐந்து நாள். பாம்பனிலிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல், தினம் போய்வர முடியாது. சித்தி வீட்டில் தங்க வேண்டும். முழுசா எடுத்தால் கரண்டே வேண்டாம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது; நெறியில் நோய் இருந்தால் அதற்கும் வைப்பார்கள். "இந்த வயசுல எனக்கு மார்பு எதுக்கு" என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் முடிவு, நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். உங்களைக் கேட்காமல் வேறொருவர் முடிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நல்ல இடத்தில் சர்ஜன் தனியாக முடிவெடுக்க மாட்டார். கீமோ டாக்டர், கரண்ட் வைக்கும் டாக்டர், சதையைப் பார்க்கும் டாக்டர் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். "என் கேஸை யார் யார் சேர்ந்து பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். கீமோ முதலில் என்றால், கட்டி கரைந்துபோனாலும் இடம் தெரிய உள்ளே கிளிப் வைப்பீர்களா என்றும் கேளுங்கள்.

லேடி டாக்டர்தான் வேண்டும் என்பது புரிகிறது. கிடைத்தால் நல்லது, கேட்போம். ஆண் டாக்டர் என்றால் பக்கத்தில் நர்ஸ் நிற்காமல் பரிசோதனை கிடையாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காக அனுபவமுள்ளவரை விட்டுவிட வேண்டாம்.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, தனியாரும் இருக்கிறது. சென்னைக்குப் போகலாம் என்றால் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஆபரேஷன் ஒரு தடவைதான், அதற்குத் தூரம் போகலாம்; கீமோவுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அதைப் பக்கத்தில் எங்கே போடலாம் என்று சர்ஜனிடமே கேட்டுக்கொள்ளலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. தனியார் என்றால், அந்த ஆஸ்பத்திரி புற்றுநோய்க்கு அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே கேட்க வேண்டும். முன் அனுமதி வாங்கிய பிறகுதான் ஆபரேஷன்.

ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாக மகள் சொன்னாள். அதுவும் இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை ரயிலில் வாருங்கள், நான் ராமநாதபுரத்தில் ஏறிக்கொள்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு படத்தையும் எடுத்து வாருங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு மூன்றும் வேண்டும். நாம் இரண்டு இடத்தில் காட்டுவோம். இரண்டாவது டாக்டரிடம் போவதை முதல் டாக்டரிடம் சொல்லிவிட்டே போகலாம், அது ஒன்றும் துரோகமில்லை. அப்புறம், அண்ணன் அந்த ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டாமல் இருக்க இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். கட்டிவிட்டால் அந்தப் பணத்துக்காகவே வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

உங்கள் நாத்தனார்